செட்டுன்னா எந்த செட்டு?

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. தமிழில் இன்னும் சிக்கனம், இரண்டே எழுத்து. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1989-இல் தன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, இந்தக் குட்டிச் சொல்லின் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள்களைப் பட்டியல் போட்டது. அந்த ஒரு பதிவின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம்! அதிகப் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிய அந்தச் சொல்தான் 'செட்'. சேலத்தில் அதையே தட்டில் வைத்து, பச்சைச் சட்னி தடவி விற்கிறார்கள்!

430-ஐயும் இங்கே எண்ணப் போவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சொல் எங்கெல்லாம் வேலைக்குப் போகிறதோ, அங்கெல்லாம் பின்வாசல் வழியாக நுழையப் போகிறோம். தள்ளுவண்டியின் மறுபக்கம், சினிமா அரண்மனையின் முதுகுப்புறம், குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் உட்புறம், கடைசியாக அகராதி சமைத்த அடுக்களை. எங்கே போனாலும் ஒரே சொல்தான் வரவேற்கும். ஒவ்வொரு வாசலிலும் அதன் வேலை வேறு. வாங்க, உள்ளே போகலாம்!

தள்ளுவண்டியின் மறுபக்கம்

சாயங்காலம் சேலத்தில் குகைப் பக்கமோ செவ்வாய்ப்பேட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். கூட்டம் சேரும் முன்பே வேலை உச்சத்தில் இருக்கும். ஒரு கை பீட்ரூட்டையும் கேரட்டையும் விடாமல் துருவித் தள்ளுகிறது. விரல் நுனியெல்லாம் சிவப்பு. பக்கத்தில் வெங்காயம் பொடிப்பொடியாக விழுகிறது. ஒரு பாத்திரத்தில் கொத்தமல்லி, புதினா போட்ட பச்சைச் சட்னி. இன்னொன்றில் காரம் ஏறிய சிவப்புச் சட்னி. சட்னியின் பதத்தில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. நீர்த்துப்போனால் தட்டுவடை நமுத்துவிடும். ரொம்பக் கெட்டியானால் காய் ஒட்டாமல் உதிரும்.

தட்டுவடை பெரும்பாலும் வேறிடத்தில் சுட்டு வந்து சேர்கிறது. அரிசி மாவு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து, சின்ன உருண்டையாகப் பிடித்து, வட்டமாகத் தட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு.

இப்போது கையைக் கவனியுங்கள், கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள்! கீழே ஒரு தட்டுவடை. மேலே சட்னித் தடவல். அதன்மேல் காய்த்துருவல், வெங்காயம். மறுபடி சட்னி. மூடி போட இன்னொரு தட்டுவடை. முடிந்தது, ஒரு செட்டு! அடுத்தது அதற்குள் தயாராகிவிட்டது.

"அக்கா, ரெண்டு பிளேட் பூண்டு செட்டு, ஒரு நொறுக்கல். காரம் தூக்கலா இருக்கட்டும்."

"நொறுக்கலுக்கு முட்டை போடட்டுமா தம்பி?"

தக்காளி செட், மாங்காய் செட், முறுக்கு செட், முட்டை செட் என்று வகை நீண்டுகொண்டே போகிறது. தட்டுவடையையோ முறுக்கையோ நொறுக்கி, காயும் சட்னியும் போட்டுக் கிளறினால் அது நொறுக்கல். கிட்டத்தட்ட அதே பொருள்கள்தான், ஆனால் அதை யாரும் செட் என்று சொல்வதில்லை. அடுக்கு குலைந்தால் பெயரும் போய்விடுகிறது!

இங்கேதான் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குப் பாடத்திலும் செட் உண்டு. தமிழில் 'கணம்' என்று படிக்கிறோம். கணத்தில் உறுப்புகளின் வரிசைக்கு மதிப்பே கிடையாது. எதை முன்னால் எழுதினாலும் கணம் அதேதான். சேலத்துத் தள்ளுவண்டியில் அந்த விதி அப்படியே தலைகீழ். எது கீழே, எது நடுவே, எது மேலே என்பதில்தான் உயிரே இருக்கிறது. ஒரே ஆங்கிலச் சொல், வகுப்பறையில் ஒரு சட்டம், வாசலில் வேறு சட்டம்!

அரண்மனையின் முதுகுப்புறம்

அடுத்து ஏற்காடு சாலை. சேர்வராயன் மலையைப் பார்த்தபடி போகும் அந்தச் சாலையில் ஒரு நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ்! திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் தொடங்கிய படப்பிடிப்பு நிலையம். முதல் படம் 'சதி அகல்யா', 1937. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' 1950-இல் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், அத்தனைக்கும் முகவரி சேலம்!

அத்தனை படங்களுக்கும் எத்தனை அரண்மனை, எத்தனை சிறைச்சாலை, எத்தனை குகை வேண்டியிருந்திருக்கும்! இங்கே செட் என்றால் அதுதான். முன்னால் நின்றால் கருங்கல் தூண். பின்னால் போய்ப் பார்த்தால் மரச்சட்டம், மூங்கில், சாக்குத்துணி, ஆணி, சுண்ணாம்புச் சாந்து. ஒரு தூணைத் தச்சர் எலும்பாக நிறுத்துகிறார், வார்ப்பு வேலைக்காரர் சதை போடுகிறார், வண்ணம் பூசுகிறவர் அதற்கு முந்நூறு வயது ஏற்றுகிறார். கேமரா உள்ளே வருவதற்காகச் சில சுவர்கள் கழன்று வரும். கேமராவின் கண் போகாத இடத்தில் சுவரே இருக்காது.

சினிமாக்காரர்கள் இந்தச் சொல்லை நடத்தும் விதமே தனி அழகு. செட் 'போடுவார்கள்'. செட்டுக்கு 'வருவார்கள்'. வேலை முடிந்ததும் செட்டைக் 'கலைப்பார்கள்'. தட்டுவடை செட்டை யாரும் போடுவதாகவோ கலைப்பதாகவோ பேசி நான் கேட்டதில்லை. பெயர்ச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தாலும், பக்கத்தில் உட்கார வைக்கும் வினைச்சொல் நம்முடையது. அந்த வினையைத் தேர்ந்தெடுப்பது தொழில். ஊரெல்லாம் சுற்றியதில் எனக்குக் கிடைத்த முதல் சாவி இதுதான்: எந்த செட் என்று தெரியவில்லையா? கூடவே வரும் வினையைக் கவனித்தால் போதும்.

குஞ்சு பொரிக்கும் அறைக்குள்

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தெற்கே நாமக்கல். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான முட்டை நாடு! கடையில் வாங்கும் முட்டை சேவல் சேராமல் இடப்பட்டது, அதில் குஞ்சு வராது. குஞ்சுக்கான முட்டை வேறு கூட்டத்துக் கோழிகளிடமிருந்து வருகிறது. அது போய்ச் சேரும் இடம் குஞ்சுப் பொரிப்பகம். உள்ளே நுழைவது சுலபமில்லை. வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் நனைய வேண்டும். வேலை செய்கிறவர்கள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு போகிறார்கள். நோய்க்கிருமி ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

உள்ளே நிற்கிறது நம் சொல், ஒரு சின்ன வாலோடு: செட்டர்! ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும் பெட்டி. கதவைத் திறந்தால் வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ், பக்குவமான ஈரப்பதம். அடுக்கடுக்கான தட்டுகளில் முட்டைகள், அகன்ற முனை மேலே பார்க்க. தட்டுகள் நேராக இல்லை, 45 டிகிரி சாய்ந்து நிற்கின்றன. மணிக்கு ஒருமுறை இயந்திரம் மறுபக்கம் சாய்க்கிறது. அப்படித் திருப்பாவிட்டால் வளரும் கரு உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். வீட்டு நாட்டுக்கோழி தன் அலகால் முட்டையைப் புரட்டிப் புரட்டி விடுகிறதே, அந்த வேலையைத்தான் மோட்டார் செய்கிறது.

18 நாள் செட்டரில். பிறகு முட்டைகள் ஹேச்சர் என்ற இன்னொரு இயந்திரத்துக்குக் குடிபெயர்கின்றன. அங்கே சாய்ப்பு கிடையாது. குஞ்சு ஓட்டை உடைக்கத் தயாராகிற நேரம். 21-ஆம் நாள் அறை முழுக்கக் கீச்கீச்!

ஆங்கிலத்தில் கோழிக்கடியில் முட்டை வைப்பதற்கும் செட் என்ற அதே வினைதான். அதிலிருந்துதான் செட்டர் பிறந்தது. தமிழில் அதற்கு 'அடை வைப்பது' என்று பெயர். இந்த இடத்தில் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி! ஏன் தெரியுமா? ஆங்கிலத்தில் சூரியன் மறைவதற்கும் செட்தான். தமிழிலும் பொழுது 'அடைகிறது'! கோழி கூண்டில் போய் அடைகிறது; அந்தி நேரத்தைக் 'கோழி அடையிற நேரம்' என்றே சொல்கிறோம். கசடு தண்ணீரின் அடியில் அடைகிறது. கூட்டுக்குள் தேன் சேர்வது அடை. சட்டியில் சுட்டு எடுப்பதும் அடை. ஆங்கிலத்துக்கு ஒரு செட் என்றால், அதன் எதிரே சரிக்குச் சரி நிற்க நம்மிடம் ஓர் 'அடை' இருந்திருக்கிறது. எங்கோ ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் இரண்டு மொழிகள், முட்டையையும் சூரியனையும் ஒரே சொல்லால் பிடித்திருக்கின்றன!

மோட்டார் செட்டில் குளியல்

வயல்காட்டுப் பக்கம் திரும்புவோம். கொங்குக் கிணறுகளில் ஒரு காலத்தில் கவலை ஏற்றம். மாடுகள் சரிவில் இறங்க, சால் நிறையத் தண்ணீர் மேலே ஏறும். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, 1937-இல் அங்கே மின்சாரமும் பிறந்தது. கம்பி வயல்வெளிகளைத் தொட்டபோது மாட்டின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. மோட்டார் ஒன்று, பம்பு ஒன்று. இரண்டின் அச்சும் ஒரே கோட்டில் பொருந்தி ஒன்றாகச் சுழல வேண்டும். தனித்தனியே இருந்தால் தண்ணீர் வராது. சேர்ந்தால் பம்பு செட்டு. பொருந்தி நிற்பதுதான் இங்கே செட்டின் அர்த்தம்.

இனி வருவதுதான் வேடிக்கை! அந்த மோட்டாருக்கு மேலே மழை படாமல் ஒரு கூரை போடுகிறோம். ஆங்கிலத்தில் அது ஷெட். ஆனால் ஊர் நாக்கில் 'ஷ' கரைந்து 'ச' ஆகிவிடுகிறது. ஷெட்டும் செட்டு, செட்டும் செட்டு! தறி செட்டு, கோழி செட்டு, மாட்டு செட்டு, லாரி செட்டு, எல்லாம் கூரை வகை. மோட்டார் செட்டு என்றாலோ இயந்திரமா, அதன் கொட்டகையா, இரண்டுமா? "மோட்டார் செட்டுல குளிச்சுட்டு வர்றேன்" என்கிற பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"செட்டுலதானுங்க."

தொலைபேசியில் இதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை. கூப்பிட்டவருக்கு அது தறியா, கோழியா, மோட்டாரா என்று தெரியும்.

இரண்டு சொற்களை ஒன்றாகக் குழைத்துவிட்டோமே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆங்கில செட்டின் பிறப்பும் அப்படித்தான்! வைப்பது, அமர்த்துவது என்ற பொருள் பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்ற வினையிலிருந்து வந்தது. கூட்டம், தொகுதி என்ற பொருளுக்கு வேறு தாய்வீடும் உண்டு. பின்பற்றுவோர் குழுவைக் குறிக்கும் லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. இரண்டு ஆறுகள் கலந்து ஒரே பெயரில் ஓடுகின்றன. நாம் மூன்றாவதாக ஓர் ஓடையைச் சேர்த்துவிட்டோம்.

நான்காவதும் உண்டு, அது நம் வீட்டுக்கே சொந்தம்! ஆங்கிலம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் செட்டு இருந்தது. வணிகம், சிக்கனம் என்று பொருள். "கட்டும் செட்டுமா குடித்தனம் பண்றா" என்று பாட்டிகள் மெச்சிப் பேசுவார்களே, அந்தச் செட்டு! ஆங்கில செட் வந்தபோது இங்கே அதற்கு ஒரு பெயர்ப்பலகை ஏற்கெனவே மாட்டியிருந்தது.

காதும் கையும் கூட்டாளியும்

இனி ஓட்டமாக ஓடுவோம், வாசல்கள் நிறைய இருக்கின்றன! லாரிக்குக் கூடு கட்டுவதில் பேர்போன நாமக்கல்லில் ஒரு பட்டறை. மெக்கானிக் டேப்பட் செட்டிங் பார்க்கிறார். வால்வு தண்டுக்கும் அதைத் தட்டும் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியை மெல்லிய தகடு செருகி அளக்கிறார். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக மூடாது. கூடினால் இன்ஜின் 'டக டக' என்று காட்டிக்கொடுக்கும். பழகிய மெக்கானிக்குக் காதே அளவுகோல்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் "கான்கிரீட் செட்டாகட்டும், கால் வைக்காதீங்க!" அங்கே செட் என்றால் இறுகுதல். இதற்கு அரசுத் தர விதியே உண்டு. சாதாரண சிமெண்ட் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக்கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும்.

ஆடி மாதம் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மைக் செட்டு. ஆம்பிளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஒயர், மூங்கில் எல்லாம் சேர்ந்தது ஒரு செட்டு. கூடவே வரும் வினை 'கட்டுவது'. மைக் செட்டு கட்டுகிறவர் மரம் ஏறத் தெரிந்தவராகவும், மின்சாரம் தெரிந்தவராகவும், எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று ஊர் மனசு தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

டீக்கடைத் திண்ணையில் "அவன் எங்க செட்டு" என்றால் ஒரே வயது, ஒன்றாகப் படித்தவன், உயிர்க் கூட்டாளி. "அந்த வேலை எனக்குச் செட்டாகல" என்றால் பொருந்தவில்லை. இதே இடத்தில் கொங்குப் பெரியவர் "தோதுப்படல" என்பார். சீட்டாட்டத்தில் ஒரே எண் சேர்ந்தால் செட். ஹோட்டலில் மெத்தென்று சேர்ந்து வருவது செட் தோசை. சேலத்தின் பெருமையான வெள்ளிக் கொலுசுக்கு மட்டும் இந்தச் சொல்லிடம் மயக்கமில்லை; கொலுசு எப்போதும் ஜோடிதான்!

மாற்றுச் சொற்களை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: ஜோடி, ஜதை, கூட்டாளி, தொகுதி, கணம், அரங்கம், கொட்டகை, இறுகல், அடை, தோது, பொருத்தம். இத்தனை தமிழ்ச் சொற்களின் வேலையை ஒரு செட் பார்க்கிறது. ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. கொட்டகை தோசை கேட்டுப் பாருங்கள், யார் தருவார்கள்!

அகராதியின் அடுக்களை

கடைசி வாசல், நான் ஆசையாகக் காத்திருந்த வாசல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பை 1879-இலிருந்து தலைமையேற்று நடத்தியவர் ஜேம்ஸ் மர்ரி. உலகெங்கும் இருந்த வாசகர்கள் புத்தகம் படித்து, ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு துண்டுச் சீட்டில் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். சீட்டுகளை மாடங்களில் பிரித்துப் பிரித்து அடுக்கி, பொருள் வேறுபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். 1928-இல்தான் முதல் பதிப்பு முழுமையடைந்தது. மர்ரி 1915-லேயே காலமாகிவிட்டார். சரி, மர்ரியின் வேலை எங்கே நடந்தது? அவர் வீட்டுத் தோட்டத்தில், நெளிதகரம் வேய்ந்த ஒரு கொட்டகையில். ஆமாம், ஒரு செட்டுல! உலகின் மிகப் புகழ்பெற்ற அகராதி நம் கோழி செட்டு, தறி செட்டுக்குச் சொந்தக்கார இடத்தில் பிறந்திருக்கிறது!

பின்னாளில் மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதத்துக்கு மேல் அதிலேயே உழன்று 645 பொருள் கண்டார். செட்டின் முதலிடம் பறிபோனது. போகட்டும்!

நமக்கு இந்த வேலை புதிதா என்ன? நிகண்டுகளில் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை வகைவகையாகத் தொகுத்தார்கள். ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களுக்கென்றே தனித் தொகுதியும் வைத்தார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் அது பதினோராம் தொகுதி. அச்சு இல்லாத காலத்தில் மனப்பாடம் செய்ய வசதியாக, எல்லாம் செய்யுளில்! இந்த மண்ணுக்கும் ஓர் அகராதி வாய்த்திருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது. வயலிலும் வீட்டிலும் புழங்கிய சொற்களைத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்திய பெரும் உழைப்பு அது.

இத்தனை வாசல் ஏறி இறங்கியதில் என் மனதில் உறுதியாகிவிட்டது இது: ஒரு சொல்லுக்குப் பொருளைக் கொடுப்பது அதை வைத்து வேலை செய்கிற கைகள். தட்டுவடைக்கார அக்காவின் செட்டில் வரிசை இருக்கிறது. பம்பு செட்டில் பொருத்தம் இருக்கிறது. செட்டரில் 18 நாள் வெதுவெதுப்பு இருக்கிறது. அந்தக் கைகள் அருகே நின்று கேட்டால்தான் இந்தப் பொருள்கள் அகப்படும். தூரத்தில் உட்கார்ந்து எழுதும் அகராதிக்கு எட்டாது. கடன் வாங்கிய சொல் என்று ஒதுக்கினால், அதற்குள் நம் தொழிலாளிகள் நிரப்பி வைத்திருக்கும் நுட்பத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம். அது பெரிய நட்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோள், முழு மனதோடு. மர்ரிக்குச் சீட்டு அனுப்பியவர்களில் பலர் சாதாரண வாசகர்கள். நாமும் தொடங்கலாம்! உங்கள் தொழிலில் செட் என்றால் என்ன? அதோடு சேரும் வினை எது? போடுவதா, கட்டுவதா, ஆவதா, கலைப்பதா? யார், எந்த வேலையின் நடுவே, எப்படிச் சொன்னார்கள் என்று முழு வாக்கியமாகக் குறித்து வையுங்கள். செட்டில் தொடங்கி லோடு, லைன், பாடி, பாயிண்ட் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். கைப்பேசியே நம் துண்டுச் சீட்டு. பெரிய அகராதி ஒன்று ஒரு தகரக் கொட்டகையில் வளர்ந்திருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் கொட்டகைக்கா பஞ்சம்!